வால்பாறை ஏறும் முன் வரைபடத்தை இறக்கிக்கொள்ளுங்கள்

ஆழியாறு தாண்டினால் வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏற ஏற சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக உதிரும். டேட்டா எத்தனை ஜிபி மிச்சமிருந்தும் பயனில்லை. பொள்ளாச்சியிலேயே, முடிந்தால் வீட்டு வைஃபையிலேயே, கூகுள் மேப்ஸைத் திறந்து வலது மேல் மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொடுங்கள். ஆஃப்லைன் வரைபடங்கள் பகுதியில், ஆனைமலை முதல் சோலையாறு வரை நீலக் கட்டத்துக்குள் அடங்கும்படி வைத்துப் பதிவிறக்குங்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து நேரே வருவது. அதற்கு டேட்டா வேண்டாம். நெரிசல் விவரம் மட்டும் தெரியாது. தேயிலைத் தோட்டத்துக்குள் நடந்துபோகவும் வழி சொல்லாது, காருக்குத்தான் சொல்லும். சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரி கரையும் என்பதால் பவர் பேங்க் அவசியம். டீக்கடைக்குச் சில்லறையும் எடுத்துக்கொள்ளுங்கள். யுபிஐ அங்கே சண்டித்தனம் செய்யலாம்.