ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் காம்பாக்ட் கேமராவைப் பொருத்துவது எப்படி: அந்தக் கறுப்பு வளையம் ஏன் வருகிறது?

தூரத்துப் பறவைகளைப் பார்க்க உதவும் தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்த்தால் மீன்கொத்தியின் அலகு நுனியில் தொங்கும் நீர்த்துளி வரை தெரியும். அதே இடத்தில் கேமராவை வைத்தால் நடுவில் சின்னதாக ஒரு வட்டப் படம், சுற்றிலும் கும்மிருட்டு. எனக்கு இரண்டு மாதம் இப்படியே போயிற்று. ஐபீஸில்தான், அதாவது ஸ்கோப்பில் கண்ணை வைக்கும் பக்கத்து லென்ஸில்தான், கோளாறு என்று நம்பிக்கொண்டிருந்தேன். கோளாறு எதிலும் இல்லை, கேமரா நின்ற இடம்தான் தவறு. ஸ்கோப்பை ட்ரைபாடில் ஏற்றவும் கேமராவில் மேனுவல் மோடு வைக்கவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு, நான் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

இந்த முறைக்கு டிஜிஸ்கோப்பிங் என்று பெயர். 1999 வாக்கில் மலேசியாவின் பறவை ஆர்வலர் லாரன்ஸ் போ, நிக்கான் கூல்பிக்ஸ் கேமராவை ஸ்கோப்பில் வைத்து எடுத்த படங்கள் பலரை இதன் பக்கம் இழுத்தன. கூல்பிக்ஸ் 950, 990 இரண்டிலும் லென்ஸ் வெளியே நீளாது. முன்பக்கம் 28 மி.மீ. மரையும் இருந்தது. அதனால் கேமராவையும் ஸ்கோப்பையும் இணைக்கும் அடாப்டர் வளையத்தைத் திருகிப் பொருத்தினாலே போதும். இன்றைய காம்பாக்ட் கேமராக்களில் ஆன் செய்ததும் லென்ஸ் வெளியே நீள்கிறது, பெரும்பாலானவற்றில் மரையும் கிடையாது. நம் சிரமம் முழுக்க இதிலிருந்துதான் தொடங்குகிறது.

1. எந்தக் கேமரா, எந்த ஐபீஸ்

ஆப்டிகல் ஜூம் 3 அல்லது 4 மடங்கு உள்ள கேமராதான் வேண்டும். 20, 30 மடங்கு ஜூம் கேமரா இதற்குச் சரிப்படாது. அதன் லென்ஸ் பெரியது, ஒளி குவிய வேண்டிய இடமும் ஆழத்தில் இருக்கிறது. எவ்வளவு முயன்றாலும் கறுப்பு வளையம் போகாது. நான் வைத்திருப்பது சோனி ஆர்எக்ஸ்100 முதல் மாடல், 35 மி.மீ. ஃபிலிம் கணக்கில் 28–100 மி.மீ. ஜூம் (கீழே வரும் 50 மி.மீ., 1000 மி.மீ. எல்லாம் இதே கணக்குதான்). இதற்கு அது அளவெடுத்துச் செய்தது போல் இருக்கிறது.

ஐபீஸில் 20 முதல் 30 மடங்குக்குள் ஜூம் இல்லாத அகலக்கோண வகை கிடைத்தால் யோசிக்காமல் அதை எடுங்கள். ஜூம் ஐபீஸ்தான் இருக்கிறது என்றால் அதைக் குறைந்த எண்ணிலேயே வைத்துவிடுங்கள். 20 மடங்கு ஸ்கோப்புடன் 50 மி.மீ. கேமரா சேர்ந்தாலே 1000 மி.மீ. ஆகிவிடுகிறது. அதற்கு மேல் போனால் வெளிச்சம் குறையும், ஆட்டம் கூடும்.

2. அடாப்டர்

லென்ஸின் முனையில் ஒட்டும் வளையத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். கேமராவின் எடை முழுவதும் அந்த மெல்லிய ஜூம் குழாயில் தொங்கும், அதன் மோட்டார் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஐபீஸை இறுகப் பற்றிக்கொண்டு, கேமராவை அடியில் உள்ள ட்ரைபாட் திருகில் தாங்கும் பிராக்கெட்தான் என் தேர்வு. மேலே கீழே, இடம் வலம், முன்னே பின்னே என மூன்று திசையிலும் நகர்த்திப் பூட்ட முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டு திசை மட்டும் நகர்வது வேண்டவே வேண்டாம்.

3. இடைவெளி: எல்லாமே இங்கேதான்

பிராக்கெட்டைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளும் ஸ்கேலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கோப்பை வெளிச்சமான வானத்தின் பக்கம் திருப்புங்கள். சூரியன் இருக்கும் திசை கூடவே கூடாது. ஐபீஸுக்குப் பின்னால் தாளைப் பிடித்தால் அதில் ஒரு ஒளிவட்டம் விழும். தாளை மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் வட்டம் மிகச் சிறியதாகி, விளிம்பு கத்தரித்தது போல் தெளிவாகும். ஐபீஸ் கண்ணாடியிலிருந்து அந்த இடம் வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். என்னுடையதில் 17 மி.மீ. வந்தது. வட்டத்தின் விட்டம் 4 மி.மீ., அதாவது ஸ்கோப்பின் 80 மி.மீ. முன்லென்ஸை 20 மடங்கால் வகுத்தது.

ஸ்கோப்பில் பார்க்கும்போது நம் கண்மணி நிற்க வேண்டிய இடம் அதுதான். கேமராவுக்கும் அதே கணக்குதான் என்று கேமராவின் முன்கண்ணாடியைச் சரியாக 17 மி.மீ. தூரத்தில் வைத்தேன். கறுப்பு வளையம் அப்படியே இருந்தது. நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். கேமராவின் கண்மணி, அதாவது ஒளி நுழையும் துளை, முன்கண்ணாடியில் இல்லை, அதற்கும் உள்ளே தள்ளி இருக்கிறது. ஒளிவட்டம் அங்கே போய் விழ வேண்டும் என்றால் கேமரா இன்னும் நெருங்கி வர வேண்டும். போதாக்குறைக்கு ஐகப் என்ற அந்த ரப்பர் வளையத்தை வெளியே இழுத்தபடியே விட்டிருந்தேன். அதை முழுவதும் உள்ளே தள்ளியதும் வட்டம் சட்டென்று விரிந்தது. அன்று கொக்கு ஒன்றின் முகம் முதன்முதலாகத் திரை முழுக்க நிறைந்ததைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் ஷட்டரை அழுத்தவே தோன்றவில்லை.

நெருக்குவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. கேமராவைத் தனியாக மேசையில் வைத்து ஆன் செய்து, ஜூமை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஓட்டுங்கள். லென்ஸ் அதிகமாக எங்கே நீள்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். அந்த நீளத்திலும் ஐபீஸுக்கு 2 மி.மீ. இடைவெளி மிஞ்ச வேண்டும். இதைப் பார்க்காமல் பொருத்தி ஆன் செய்தேன். லென்ஸ் நீண்டு ஐபீஸில் முட்டி நின்றது. கேமரா பழுதுபார்க்கப் போயிற்று.

அப்புறம் ஜூம். முழு அகலத்தில் வளையம் இருக்கத்தான் செய்யும். மெதுவாக ஜூம் செய்துகொண்டே போனால் ஓரிடத்தில் நாலு மூலையும் வெளுக்கும். என்னுடையதில் அது 50 மி.மீ. அருகே. அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

4. நிழலைப் படித்தல்

சுற்றிலும் ஒரே சீரான வளையம் என்றால் கேமரா தள்ளி நிற்கிறது, அல்லது ஜூம் போதவில்லை. ஒரு பக்கம் மட்டும் பிறை போல் இருட்டு என்றால் மையம் விலகியிருக்கிறது. நடுவே கறுப்புத் திட்டுகள் வந்து வந்து போனால் அளவுக்கு மீறி நெருக்கிவிட்டீர்கள். நிழலே இல்லை, ஆனால் ஒரு ஓரம் மட்டும் மங்கல் என்றால் கேமரா சாய்ந்திருக்கிறது.

இதில் பிறைதான் என்னை அதிகம் படுத்தியது. வீட்டில் சரியாக வைத்துக்கொண்டு போவேன், களத்தில் திரும்பவும் பிறை. திருகை இறுக்கிய பிறகு கேமராவின் எடையில் பிராக்கெட் ஒரு மில்லிமீட்டர் தொங்குகிறது என்று பிறகுதான் புரிந்தது. இப்போது இறுக்கும்போதே கொஞ்சம் மேலே தூக்கி வைத்து இறுக்குகிறேன். அதன்பின் பிறை வரவில்லை.

5. ஃபோகஸும் ஆட்டமும்

கேமராவை மேனுவல் ஃபோகஸில் முடிவிலிக்கு வைத்துவிட்டு, ஸ்கோப்பின் சக்கரத்தால் மட்டும் ஃபோகஸ் செய்யுங்கள். திரையில் பறவையின் கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்துச் சரிசெய்யலாம். ஆட்டோஃபோகஸை நம்பினால் கிளை தெளிவாக இருக்கும், பறவை இருக்காது.

கேமரா ஏறியதும் எடை பின்பக்கம் சாயும். ஸ்கோப்பை ட்ரைபாடில் பூட்டும் அடித்தட்டை முன்னே நகர்த்தி, கையை எடுத்தாலும் ஸ்கோப் அசையாமல் நிற்கும்படி செய்யுங்கள். ட்ரைபாடின் நடுக்கம்பத்தை உயர்த்த வேண்டாம். கேமராவின் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள், முன்னால் 20 மடங்கு ஸ்கோப் இருப்பது அதற்குத் தெரியாது. ஷட்டரை விரலால் அழுத்தாமல் ரிமோட்டிலோ போனிலிருந்தோ இயக்குங்கள். இரண்டும் இல்லையென்றால் தொடர் ஷாட்டில் போட்டு அழுத்திப் பிடியுங்கள், விரலின் அதிர்வு முதல் படத்தோடு பெரும்பாலும் போய்விடும். ஷட்டர் 1/250க்குக் கீழே போகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். வெயில் ஏறிய பிறகு தூரத்துப் பறவையை எடுக்காதீர்கள். கானல் அலையை எந்த அமைப்பாலும் சரிசெய்ய முடியாது.

பிறகு சேர்த்தது

கண்ணாடி போடுபவர்கள் கேட்டார்கள்: கழற்றிவிட்டு ஸ்கோப்பில் ஃபோகஸ் செய்தால், கேமரா பொருத்திய பிறகு படம் மங்கலாக வருகிறது. தூரப்பார்வைக்கான கண்ணாடியைப் போட்டபடியே ஃபோகஸ் செய்யுங்கள், அல்லது திரையைப் பார்த்து மட்டுமே செய்யுங்கள்.

இன்னொருவர் கேட்டது: கேமராவில் f/2.8 வைத்தும் படம் ஏன் இருட்டாக இருக்கிறது? கேமரா லென்ஸின் உண்மையான குவியத்தூரத்தை ஸ்கோப்பின் மடங்கால் பெருக்கி, ஸ்கோப்பின் முன்லென்ஸ் விட்டத்தால் வகுங்கள். என் அமைப்பில் (ஃபிலிம் கணக்கில் 50 மி.மீ. என்பது உண்மையில் சுமார் 18 மி.மீ.தான்) 18 மி.மீ. × 20 ÷ 80, அதாவது f/4.5. திரை f/2.8 என்று காட்டினாலும் உள்ளே வரும் ஒளி இவ்வளவுதான். அதனால் அபெர்ச்சரைத் திறந்தே வையுங்கள். f/8, f/11 என்று மூடினால் வெளிச்சம் போவதோடு, மூலையில் மிச்சமிருக்கும் நிழலின் விளிம்பும் கெட்டியாகும்.

கடைசியாக ஒன்று. எல்லாம் சரியாக அமைந்த நாளில் பிராக்கெட்டின் மூன்று நகர்த்தும் தண்டுகளிலும் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அடுத்த முறை கோட்டுக்குக் கோடு பொருத்தி இறுக்கினால் அரை நிமிடத்தில் தயாராகிவிடலாம்.