மாமாவின் கொட்டிலில் நிற்கும் கார்: செத்த பற்றரியும் கறள் பிடித்த நட்டும்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு யாழ்ப்பாணப் பக்கம் வருகிறவர்கள் ஊரில் பல வீடுகளில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். வளவின் ஒரு மூலையில், தகரக் கொட்டிலுக்குக் கீழே, பழைய படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு ஒரு கார் நிற்கும். "நீங்கள் வந்தால் ஓடத்தானே வைச்சிருக்கிறம்" என்று சொல்லி மாமாவோ சித்தப்பாவோ திறப்பை நீட்டுவார்கள். வருடத்தில் பதினொரு மாதம் அசையாமல் நின்ற வாகனம் அது. வாடகை வாகனம் பழுதானால் சொந்தக்காரருக்கு ஒரு போன் அடிக்கலாம். இந்தக் கார் பழுதானால் மாமாவுக்குத்தான் அடிக்க வேண்டும், மாமாவிடம் இருப்பது ஒரு ரோர்ச் லைற் மட்டும்.

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு அந்தத் தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. ஆகவே கையில் கிடைக்கும் கார் யப்பானில் சில வருடம் ஓடி, இங்கே வந்து மேலும் பல வருடம் கண்ட ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதில் தவறில்லை, நல்ல கார்கள்தான். ஆனால் ஓடுகிற காரை விட நிற்கிற கார்தான் முதலில் பழுதாகும். அதனால் ஒன்று செய்யுங்கள்: வந்திறங்கிய மறுநாள் காலை எங்கும் புறப்படாமல் ஒரு மணித்தியாலத்தை வளவுக்குள்ளேயே அந்தக் காருக்குக் கொடுங்கள். பற்றரி சாவதென்றால் வீட்டு வாசலில் சாகட்டும். நட்டு இறுகியிருப்பதென்றால் அதுவும் அங்கேயே தெரியட்டும்.

பற்றரி

கனடாவிலும் ஐரோப்பாவிலும் குளிரில் பற்றரி காலை வாரும் என்று நமக்குத் தெரியும். உண்மையில் பற்றரியின் ஆயுளைத் தின்பது வெயில். சூட்டில் உள்ளே இருக்கும் தண்ணி வற்றும், தகடுகள் அரிக்கும். அதோடு, நிறுத்தி வைத்த காரிலும் மணிக்கூடு, அலாம், பூட்டு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மின்னைக் குடித்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி அம்பியர் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 1.2 அம்பியர் மணித்தியாலம். 40 அம்பியர் மணித்தியாலப் பற்றரி ஒரு மாதத்தில் காலி. இப்படி ஒரு தடவை முழுதாக வடிந்து, வடிந்தபடியே சில கிழமை கிடந்தால், பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய வலு வராது.

திறப்பைத் திருப்பியதும் 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தால், ஹெட்லைற்றைப் போட்டுப் பாருங்கள். மங்கலாக எரிந்தால் பற்றரி வடிந்துவிட்டது. பளிச்சென்று எரிந்தும் ஸ்ராட் ஆகவில்லை என்றால் பற்றரிக் கொண்டையை, அதாவது வயர் பூட்டும் இடத்தைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். பத்தாம் நம்பர் ஸ்பனரால் மைனசை முதலில் கழற்றுங்கள், பிறகு பிளசை. சுடுதண்ணியில் அப்பச்சோடா கரைத்து, பழைய ரூத் பிரஷால் தேய்த்துத் துடைத்து, பிளசை முதலில் பூட்டி மைனசைக் கடைசியில் பூட்டுங்கள். சோடாத் தண்ணி பற்றரியின் மூடிகளுக்குள் இறங்கக் கூடாது. கண்ணாடி போடாதவர்களும் வெயில் கண்ணாடியையாவது மாட்டிக்கொள்ளுங்கள், உள்ளே இருப்பது அசிட்.

வோல்ற் அளக்கும் மல்ரிமீற்றர் இருந்தால் வேலை இன்னும் சுலபம். நிற்கும் காரில் 12.6 வோல்ற் என்றால் நிறைந்த பற்றரி. 12 வோல்ற் அளவில் நின்றால் அநேகமாகக் காலி. என்ஜின் ஓடும்போது 13.8க்கும் 14.4க்கும் இடையில் காட்டினால் சார்ஜ் ஏறுகிறது. அந்தளவுக்கு ஏறாவிட்டால் புதுப் பற்றரி வாங்கியும் பயனில்லை, பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஓல்ரனேற்றர் பக்கம் பார்க்க வேண்டும்.

மூடி திறக்கும் பழைய வகைப் பற்றரி என்றால் தண்ணி மட்டத்தையும் பாருங்கள். குறைந்திருந்தால் கடையில் விற்கும் பற்றரித் தண்ணிதான் விட வேண்டும். "கிணற்றுத் தண்ணி காணும்" என்று யாராவது சொல்வார்கள். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணி சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறியது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது பற்றரிக்குள்ளும் போக வேண்டுமா?

இனி இரவல் மின். ஜம்பர் வயர் போடும் ஒழுங்கு எல்லா ஊரிலும் ஒன்றுதான்: சிவப்பைச் செத்த பற்றரியின் பிளசில், மற்ற முனையை நல்ல பற்றரியின் பிளசில், கறுப்பை நல்ல பற்றரியின் மைனசில், கடைசி முனையைச் செத்த காரின் என்ஜினில் பெயின்ற் இல்லாத இரும்பில். பற்றரியிலிருந்து எரியக்கூடிய வாயு வரும், பொறி அதற்குப் பக்கத்தில் பறக்கக் கூடாது என்பதால்தான் கடைசி முனையைத் தள்ளிப் போடுகிறோம். உதவும் காரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு உங்களுடையதை ஸ்ராட் பண்ணுங்கள். ஸ்ராட் ஆனதும் வயர்களைப் பூட்டிய ஒழுங்குக்கு மறுதலையாகக் கழற்றுங்கள்.

இங்கே நம்மவர்கள் அறியாத ஒரு வில்லங்கம் இருக்கிறது. கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் நின்று கை காட்டினால் முதலில் நிறுத்துகிறவர் பெரும்பாலும் லொறிக்காரர். நல்ல மனசோடு "வயர் போடுவம் அண்ணை" என்பார். பெரிய லொறியிலும் பஸ்ஸிலும் இரண்டு பற்றரியைத் தொடராகக் கட்டி 24 வோல்ற் ஓடும். அதை உங்கள் 12 வோல்ற் காரில் நேராகக் கொடுத்தால் கம்பியூட்டர், ரேடியோ என்று வரிசையாகப் போய்விடும். நன்றி சொல்லி, கார் அல்லது வான் வரும் வரை பொறுங்கள். வயலில் நிற்கும் நாலு சில்லு ட்ரக்ரர் பெரும்பாலும் 12 வோல்ற்தான், ஆனாலும் பற்றரியைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். ஓட்டோவின் சின்னப் பற்றரிக்கு உங்கள் காரை ஸ்ராட் பண்ணும் வலு இருக்காது.

தள்ளி ஸ்ராட் பண்ணுவது கையால் கியர் போடும் காருக்கு மட்டும். ஓட்டோ கியர் காரையும், பெற்றோலிலும் மின்னிலும் ஓடும் ஹைபிரிட்டையும் ஊர்ப் பொடியள் எல்லாரும் சேர்ந்து தள்ளினாலும் அது நடவாது.

ஹைபிரிட் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஊரில் இப்போது ரொயோட்டாவின் பிறியசும் அக்குவாவும் நிறைய. இவற்றில் பலவற்றின் 12 வோல்ற் பற்றரி பொனற்றுக்குள் இல்லை. பழைய பிறியசில் பின் டிக்கியின் ஓரத்தில், அக்குவாவில் பின் சீற்றுக்குக் கீழே. பொனற்றைத் திறந்து தேடித் தேடிக் களைத்தவர்களை எனக்குத் தெரியும், அவர்களில் நானும் ஒருவன். ஆனால் பொனற்றுக்குள் பியூஸ் பெட்டியின் மூடியைத் திறந்தால் வயர் போடவென்றே ஒரு பிளஸ் முனை இருக்கும். அதையே பாவியுங்கள். செம்மஞ்சள் நிற வயர்களைத் தொட வேண்டாம், அவை உயர் மின்னழுத்தம். உங்கள் ஹைபிரிட்டிலிருந்து மற்றவருக்கு மின் கொடுக்கவும் போகாதீர்கள். இப்படிப்பட்ட பற்றரியை மாற்றும்போது, அது பயணிகள் இருக்கும் பகுதிக்குள் இருப்பதால் வாயு வெளியேறக் குழாய் பூட்டும் வகைப் பற்றரியே வேண்டும். சாதாரணப் பற்றரியை "இதுவும் பொருந்தும்" என்று தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பழைய பற்றரியில் இருக்கும் 46பி24எல் போன்ற இலக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். 24 என்பது நீளம், சென்ரிமீற்றரில். கடைசி எழுத்து எல்லா ஆரா என்பது முனைகள் எந்தப் பக்கம் என்று சொல்வது. மாறி வாங்கினால் வயர் எட்டாது. பழையதைக் கொடுத்தால் புதியதன் விலையில் கழிப்பார்கள், கேட்டு வாங்குங்கள். இன்னொன்று: யப்பான் ரேடியோ பூட்டிய காரில் பற்றரியைக் கழற்றிப் பூட்டியதும் திரை முழுக்க யப்பான் எழுத்து வந்து, கோட் இலக்கமோ மெமரி காட்டோ கேட்டு நின்றுவிடக்கூடும். பாட்டு இல்லாமல் கொழும்பு வரை போக முடியாது என்பவர்கள் கழற்றும் முன் மாமாவிடம் அந்தக் காட்டைக் கேளுங்கள்.

நட்டு

பூநகரியிலிருந்து மன்னார் போகும் ஏ32 வீதி. மத்தியானம் பன்னிரண்டரை. பின் இடது ரயர் காற்றுப் போனது. காரோடு வந்த ஸ்பனர் ஒரு சாண் நீளம். நட்டு அசையவே இல்லை. ஏறி நின்று மிதித்தேன். ஸ்பனர் வழுக்கி முழங்கால் வீதியில் தேய்ந்தது, நட்டின் ஒரு மூலையும் மழுங்கியது. அரை மணித்தியாலம் கழித்து வயலில் தண்ணி இறைத்துக்கொண்டிருந்தவர் மெசினை நிறுத்திவிட்டு வந்தார். கையில் ஒரு மீற்றர் இரும்புப் பைப். "எங்க இருந்து அண்ணை, கனடாவோ?" என்று கேட்டுக்கொண்டே பைப்பை ஸ்பனரில் கொழுவினார். ஒற்றைக் கையால் அழுத்தினார். 'கிறீச்' என்று ஒரு சத்தம், நட்டு இளகியது.

அவரிடம் இருந்தது பலமல்ல, நீளம். ரொயோட்டா கார்களுக்கு நட்டை 103 நியூற்றன் மீற்றருக்கு இறுக்கச் சொல்கிறது கம்பனி. கால் மீற்றர் ஸ்பனரின் நுனியில் அதற்கு 42 கிலோ பாரம் போதும். ஆனால் ரயர்க் கடையில் காற்று மெசினால் 'டர்ர்' என்று இறுக்கும்போது அது எங்கேயோ போய் நிற்கும். அதன் மேல் தீவுப் பக்கத்து, வடமராட்சிக் கரையோரத்து உப்புக் காற்று வருடக்கணக்கில் பட்டால் நட்டும் போல்ற்றும் கறளால் ஒட்டிக்கொள்ளும்.

அதனால் வளவில் நிற்கும்போதே ஒவ்வொரு சில்லிலும் நட்டை ஒவ்வொன்றாக இளக்கி, திரும்பவும் ஸ்பனரால் இறுக்கி விடுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக இளக்க வேண்டாம், ஜக்கும் தேவையில்லை. சில்லு நிலத்தில் ஊன்றி நிற்க, கை பிரேக் இழுத்திருக்க, இடஞ்சுழியாகத் திருப்புங்கள். வீதியில் காற்றுப் போனாலும் இதே ஒழுங்குதான்: முதலில் இளக்கி, பிறகு ஜக். தூக்கிய பின் மல்லுக்கட்டினால் கார் ஜக்கிலிருந்து சரியும்.

இளகாத நட்டுக்குக் கறள் இளக்கும் ஸ்பிறே அடித்து இருபது நிமிடம் விடுங்கள். நட்டின் தலையில் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டுங்கள். அதிர்வு கறளை உடைக்கும். தேங்காய் எண்ணெய் உள்ளே போகாது, மாமா எவ்வளவு சொன்னாலும். பிறகு சரியான அளவு சொக்கற்: ரொயோட்டாவுக்கும் நிசானுக்கும் 21 மில்லிமீற்றர், ஹொண்டாவுக்கும் சுசுக்கிக்கும் 19. பைப்பை மெதுவாக, ஒரே சீராக அழுத்த வேண்டும். எழுபது கிலோ ஆள் முக்கால் மீற்றர் பைப்பின் நுனியில் ஏறி நின்றால் ஐந்நூறு நியூற்றன் மீற்றர் தாண்டும், போல்ற் முறிந்து கையில் வந்துவிடலாம். கொஞ்சம் இளக்கி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி இளக்குவது நல்லது. ஒரு நட்டு மட்டும் வேறு வடிவமாக இருந்தால் அது பூட்டு நட்டு. அதற்கான சாவித் துண்டு டாஷ்போட் பெட்டிக்குள் இருக்கிறதா என்று இன்றே தேடுங்கள். இல்லாவிட்டால் ரயர்க் கடையில் கழற்றுவித்துச் சாதாரண நட்டுப் போடுங்கள். லொறிக்காரருக்கு உதவப் போனால் மட்டும் ஒரு எச்சரிக்கை: சில பழைய லொறிகளின் இடப்பக்க நட்டுகள் மறுபக்கம் திரும்பும்.

நட்டெல்லாம் கழன்றும் சில்லு வராமல் அடம்பிடிப்பதும் உண்டு, அலோய் சில்லில் அதிகம். ரயரின் பக்கத்தில் இடமும் வலமும் மாறி மாறிக் குதிக்காலால் உதையுங்கள். காருக்குக் கீழே எந்த உடல் பாகமும் இருக்கக் கூடாது. மாரி காலத்தில் வீதியோர மண் களி, ஜக் புதையும். ஒரு சிலாகைத் துண்டைக் காரிலேயே போட்டு வையுங்கள். சில்லுக்கு அண்டை கொடுக்க இரண்டு கல்லையும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். முகமாலைப் பக்கம் சிவப்பு மிதிவெடிப் பலகை நிற்கும் இடத்தில் கல் தேடி வீதியை விட்டு இறங்குவதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

உதிரிச் சில்லு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். யப்பானிலிருந்து வந்த பல சின்னக் கார்களில் அதற்குப் பதிலாகக் காற்றடிக்கும் சின்ன மெசினும் ரயர் ஓட்டையை அடைக்கும் ஒட்டுப் பால் போத்தலும்தான். போத்தலின் திகதி எப்போதோ முடிந்திருக்கும். ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும், 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை செய்தது. அதைக் கண்டால் ஏ9 ஏற வேண்டாம்.

பெட்டிக்குள் எதைக் கொண்டுபோகலாம்? சொக்கற்றும் நீளப் பிடியும் நல்ல மொத்தமான ஜம்பர் வயரும் செக்-இன் பெட்டியில் போகும். கறள் ஸ்பிறே எந்தப் பெட்டியிலும் போகாது, இங்கே வாங்குங்கள். லிதியம் ஜம்ப் ஸ்ராட்டர் 100 வாற் மணித்தியாலத்துக்கு உட்பட்டதாக, கைப்பையில் மட்டும், அதுவும் விமான நிறுவனத்திடம் முன்பே கேட்டு. இரவில் வீதியில் மாட்டிக்கொண்டால் பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990.

திரும்பும் நாளில் மைனஸ் வயரைக் கழற்றி விடுங்கள். பின்னால் பற்றரி உள்ள பிறியஸ் என்றால் கழற்றும் முன் யோசியுங்கள்: பின் கதவு மின்னால் திறப்பது, பற்றரியோ உள்ளே. மாமாவிடம் இரண்டு கிழமைக்கு ஒருமுறை அரை மணித்தியாலம் ஓடச் சொல்வது அதை விடச் சுகம், வாசலில் நிறுத்தி உறுமவிடுவது கணக்கில்லை. மற்றக் கார்களுக்கு, அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பனரை ஒரு நூலில் கட்டிப் பற்றரிக்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டு வாருங்கள். நான் போன முறை அதைத் தேடியே ஒரு பின்னேரத்தை விட்டேன், கடைசியில் அது மச்சாளின் தையல் மெசின் லாச்சிக்குள் கிடந்தது.