எட்டு டீம், ஒரு கோப்பை: ஊருக்குள் ஃபுட்பால் லீக் நடத்துவது எப்படி

போன கார்த்திகையில் ஏற்காட்டிலிருந்து என் மச்சினன் மகன் கடைக்கு வந்தான். கையில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத கோப்பை.

"மாமா, மேல எட்டு டீம் சேந்திருக்கோம். லீக் வைக்கப் போறோம். கோப்பை வாங்கியாச்சு."

"ரூல் எழுதியாச்சா?"

"அது எதுக்கு மாமா? இன்னும் பந்தே வாங்கல."

எனக்கு சேலம் அம்மாப்பேட்டையில் சின்ன ஜவுளிக்கடை. துண்டுக் கட்டுகளுக்குப் பின்னால் ஒரு நீளமான நோட்டு இருக்கும். எங்கள் ஞாயிற்றுக்கிழமை லீக்கின் கணக்கு முழுக்க அதில்தான். அவனிடம் அன்றைக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

எட்டு அணிகளுக்கு நாக் அவுட், அதாவது தோற்றால் வெளியே என்று வைத்தால் ஏழே ஆட்டம். செலவு குறைவு, ஒரே ஞாயிறில்கூட முடித்துவிடலாம். ஆனால் முதல் ஆட்டத்தோடு நான்கு அணிகள் ஷூவைக் கழற்றிவிடும். வெள்ளக்கடை கிராமத்திலிருந்து வேன் வைத்துக்கொண்டு வருகிற பையன் ஒரு மணி நேரம் ஆடிவிட்டுத் திரும்பிப் போவான். லீக்கில் எல்லோரும் எல்லோரோடும் ஆட வேண்டும்: இருபத்தெட்டு ஆட்டம், ஒவ்வொருவருக்கும் ஏழு. தோற்றவனுக்கும் அடுத்த வாரம் ஆட்டம் உண்டு.

இந்த யோசனை முதலில் உதித்ததும் ஒரு ஜவுளிக்கடைக்காரருக்குத்தான் என்பதில் எனக்கு ஒரு தனிப் பெருமை. வில்லியம் மெக்ரிகர், ஸ்காட்லாந்துக்காரர், இங்கிலாந்தில் பர்மிங்காம் பக்கம் கடை வைத்திருந்தவர், ஆஸ்டன் வில்லா கிளப்பில் பொறுப்பில் இருந்தவர். 1885-ல் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்க அனுமதி வந்துவிட்டது. கிளப்புகள் சம்பளம் கொடுக்க வேண்டும், ஆனால் ஆட்டம் நிச்சயமில்லை. எதிரணிக்குக் கோப்பை ஆட்டம் வந்துவிட்டால் சனிக்கிழமை நட்பு ஆட்டம் ரத்து. டிக்கெட் வாங்க வந்த கூட்டம் திட்டிக்கொண்டே திரும்பும். அதனால் 1888 மார்ச்சில் மற்ற கிளப்புகளுக்கு அவர் கடிதம் போட்டார். பன்னிரண்டு கிளப்புகள் சேர்ந்தன. லங்காஷயரிலிருந்து ஆறு, மிட்லண்ட்ஸ் பகுதியிலிருந்து ஆறு, லண்டனிலிருந்து ஒன்றுகூட இல்லை. உலகத்தின் முதல் ஃபுட்பால் லீக்கே ஒரு வட்டார லீக்தான். சரி, அவர்கள் செய்த கூத்தைக் கேளுங்கள். செப்டம்பரில் ஆட்டம் ஆரம்பித்துவிட்டது. ஜெயித்தால் எத்தனை பாயிண்ட், டிராவுக்கு எத்தனை என்று முடிவானது நவம்பரில்! ஜெயித்தால் 2, டிராவுக்கு 1. பிரெஸ்டன் அணி 22 ஆட்டத்தில் ஒன்றுகூடத் தோற்காமல் 40 பாயிண்ட் எடுத்ததால் வம்பு வரவில்லை.

அதே 1888-ல் நம் நாட்டிலும் ஒரு மலைப் பக்கம், சிம்லாவுக்கு அருகே, டுராண்ட் கோப்பை தொடங்கியது. அது நாக் அவுட். லீக் வந்தது 1898-ல், கல்கத்தாவில். பல வருடம் பட்டாள அணிகளும் வெள்ளைக்கார கிளப்புகளும்தான் கோப்பையை மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டார்கள். 1934-ல் முகமதன் ஸ்போர்ட்டிங் என்ற நம்மவர்களின் கிளப் ஜெயித்த பிறகு அடுத்த நான்கு வருடமும் அதை யாருக்கும் விட்டுத்தரவில்லை. ஒரு நாள் அதிர்ஷ்டத்தில் ஒரு கோப்பையைத் தூக்கலாம். ஐந்து வருடம் தொடர்ந்து லீக்கை எடுக்க அதிர்ஷ்டம் போதாது.

இப்போது ஃபிக்ஸ்சர், அதாவது எந்த வாரம் யார் யாரோடு என்ற பட்டியல். பலர் தடுமாறுவது இங்கேதான். சீட்டுக் குலுக்கிப் போட்டால் மூன்றாவது வாரமே ஒரே ஜோடி இரண்டு முறை வந்து நிற்கும். நான் அவனுக்குக் கடை மேஜையில் எட்டுக் கர்ச்சீப்பைப் பரப்பிக் காட்டினேன். மேல் வரிசையில் இடமிருந்து வலமாக 1, 2, 3, 4. கீழ் வரிசையில் 8, 7, 6, 5. மேலே கீழே எதிரெதிராக இருப்பவர்கள் முதல் வாரம் ஆடுவார்கள்: 1-8, 2-7, 3-6, 4-5. அப்புறம் 1-ன் மேல் கத்தரிக்கோலை வைத்துவிடுங்கள். அது நகரக் கூடாது. மற்ற ஏழும் கடிகார முள் போல ஒரு இடம் நகரும். 8 மேலே ஏறி 1-க்குப் பக்கத்தில் வரும், 4 கீழே இறங்கும். இரண்டாம் வாரம் 1-7, 8-6, 2-5, 3-4. இப்படியே ஏழு வாரம் போனால் எல்லோரும் எல்லோரோடும் ஒரு முறை ஆடி முடித்திருப்பார்கள். ஏழு அணிதான் இருக்கிறதா? எட்டாவது கர்ச்சீப்புக்கு 'ஓய்வு' என்று பெயர் வையுங்கள். அதோடு ஜோடி சேர்கிறவனுக்கு அந்த வாரம் லீவு.

பன்னிரண்டு அணிகள் வந்துவிட்டால் இப்படிச் செய்யாதீர்கள். அறுபத்தாறு ஆட்டம் ஆகும், பாதியில் மூச்சு வாங்கும். ஆறு ஆறாகப் பிரித்தால் முப்பதில் முடியும். அடுத்த வருடம் மேல் பிரிவு, கீழ்ப் பிரிவு என்று வைத்து இரண்டு பேரை ஏற்றி இரண்டு பேரை இறக்கலாம்.

எந்த மாதம் என்பது மலையில் பெரிய கேள்வி. மே மாதம் கோடை விழா, சேர்வராயன் கோயில் திருவிழா. டாக்சி ஓட்டுகிற பையனும் லாட்ஜில் நிற்கிற பையனும் கிடைக்க மாட்டார்கள். ஐப்பசியில் மழை. அதன் பிறகு காபி பறிப்பு. பொங்கல் முடிந்த மறு ஞாயிறு ஆரம்பித்தால் பறிப்பும் பெரும்பாலும் அடங்கியிருக்கும், பிளஸ் டூ பரீட்சை ஆரம்பிக்கிற சமயத்தில் ஏழு ஞாயிறும் முடிந்துவிடும். பாதிக்கு 30 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் ஒரே மைதானத்தில் நான்கு ஆட்டம் நடத்தலாம். எட்டரைக்குத் தொடங்கினால் இரண்டு மணிக்குள் முடியும். சாயங்காலம் வேண்டாம், மூடுபனி இறங்கினால் பந்தும் தெரியாது, ஆளும் தெரியாது.

பாயிண்ட் 3-1-0 என்றே வையுங்கள்: ஜெயித்தால் 3, டிராவுக்கு 1, தோற்றால் 0. இங்கிலாந்தில் 1981-லும் உலகக் கோப்பையில் 1994-லும் மாறியதற்குக் காரணம் எளிது. பழைய கணக்கில் ஒன்று ஜெயித்து ஒன்று தோற்றவனும் இரண்டு டிரா போட்டவனும் சமம். புதிய கணக்கில் ஜெயித்தவனுக்கு 3, டிராக்காரனுக்கு 2. எல்லாரும் கோல் அடிக்க ஓடுவார்கள்.

சமமாக நின்றால்? எங்கள் முதல் லீக்கில் இரண்டு அணிகள் 16 பாயிண்டில் நின்றன. ஒரு அணி "எங்க கோல் வித்தியாசம்தான் அதிகம்" என்றது, அதாவது அடித்த கோலில் வாங்கிய கோலைக் கழித்த கணக்கு. இன்னொரு அணி "நேருக்கு நேர் நாங்கதானே ஜெயிச்சோம்" என்றது. இரண்டும் உண்மை. எங்களிடம் எழுதிய விதி இல்லை. காசு சுண்டலாம் என்று நான்தான் சொன்னேன், அந்தப் புத்தியை இன்னும் நொந்துகொள்கிறேன். சுண்டுவதற்கு முன்பே கைகலப்பு. கோப்பை இரண்டு பொங்கல் என் கடைப் பரணில் கிடந்தது.

இங்கிலாந்தில் கோல் வித்தியாசம் முதலில் பார்ப்பார்கள், ஸ்பெயினில் அந்த இரண்டு அணிகளும் மோதிய நேரடி ஆட்டம் முதலில். ஊர் லீக்குக்கு ஸ்பெயின் வழிதான் சரி என்பேன். கடைசி வாரம் ஏதாவது ஒரு அணி எட்டுப் பேரோடு வந்து ஒன்பது கோல் வாங்கும். அந்த ஒன்பதை வைத்துக் கோப்பையை முடிவு செய்வது நியாயமில்லை. ஆகவே பாயிண்ட், நேரடி ஆட்டம், கோல் வித்தியாசம், அடித்த கோல், அதற்கும் மேல் சமம் என்றால் தனி ஆட்டம். இந்த வரிசையில் எழுதி எட்டு கேப்டனிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

அதே தாளில் இதையும் சேருங்கள். ஒவ்வொரு அணியும் போட்டோவோடு 18 பேர் பட்டியல் தர வேண்டும், மூன்றாவது வாரத்துக்குப் பிறகு பெயர் சேர்க்க முடியாது. இல்லாவிட்டால் கடைசி ஞாயிறு சேலத்திலிருந்து இரவல் ஆட்டக்காரர்கள் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். ஏழு பேருக்குக் குறைவாக வந்தால் ஆட்டம் கிடையாது, எதிரணிக்கு 3-0 வாக்கோவர், ஆடாமலே வெற்றி. ஒரு அணி லீக்கின் பாதிக்கு முன்பே விலகினால் அவர்கள் ஆடிய முடிவுகள் எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள்.

கடைசி வாரத்தில் கோப்பையைத் தீர்மானிக்கும் ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். 1982 உலகக் கோப்பையில் அல்ஜீரியா முந்தைய நாளே ஆடி முடித்துவிட்டது. மேற்கு ஜெர்மனி 1-0 ஜெயித்தால் அல்ஜீரியாவைத் தள்ளிவிட்டுத் தாங்கள் இரண்டு பேரும் அடுத்த சுற்றுக்குப் போகலாம் என்று ஆஸ்திரியாவுக்கும் தெரியும். கோல் விழுந்த பிறகு பந்தைச் சும்மா உருட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த உலகக் கோப்பையிலிருந்து ஒவ்வொரு பிரிவிலும் கடைசிச் சுற்று ஆட்டங்கள் ஒரே நேரத்தில் என்று ஆனது. ஏற்காட்டில் இரண்டு மைதானம் பிடிப்பது சிரமம்தான். அந்த ஒரு நாளைக்கு மட்டும் இன்னொரு இடம் கேட்டு வையுங்கள், இல்லையென்றால் கடைசிச் சுற்றைக் கீழே சேலத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூடுபனிக்கு எங்கள் தாளில் விதி கிடையாது, அம்மாப்பேட்டையில் அதற்கு என்ன வேலை? அவனே எழுதிக்கொண்டான்: நடுக்கோட்டில் நிற்கும் ரெஃப்ரிக்கு இரண்டு கோல் கம்பமும் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் அரை மணி நேரம் காத்திருப்பது, அப்போதும் தெரியாவிட்டால் அந்த ஆட்டம் வேறு நாளில் முதலிலிருந்து.

முதல் ஞாயிறு காலை எட்டே முக்காலுக்கு போன் வந்தது.

"மாமா, ஒரு கம்பம்தான் தெரியுது."

"எவ்வளவு நேரமா?"

"பத்து நிமிஷமா. எல்லாரும் ஆரம்பிக்கச் சொல்லிக் கத்துறாங்க."

"தாள்ல என்ன எழுதியிருக்க?"

"அரை மணி நேரம்னு."

"இன்னும் இருபது நிமிஷம் இருக்கே மாப்ள. எல்லாருக்கும் டீ சொல்லு."