விலையை மறைத்தால் கரைவது உங்கள் நேரம்தான்

எங்கள் தெருவில் ஒரு தங்கச்சி போன மாதம் இன்ஸ்டாகிராமில் சேலை விற்க ஆரம்பித்திருக்கிறாள். நேற்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் காபி ஆறும்வரை போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "விலை?", "எவ்ளோ அக்கா?", "ப்ரைஸ் சொல்லுங்க" என்று வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருந்தாள். காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை விற்கத் தொடங்கிய புதிதில் நானும் இப்படித்தான் தவித்தேன். படம் மங்கலாக இருக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே செய்கிற தவறுகளைச் சொல்கிறேன்.

"விலைக்கு இன்பாக்ஸ் வாங்க"

இந்த வரியைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். விலை போட்டால் இன்னொரு கடைக்காரர் பார்த்து நூறு ரூபாய் குறைத்துவிடுவார் என்று யாரோ சொன்னதை நம்பி, இரண்டு வருடம் விலை போடாமலே விற்றேன். அவருக்கு என் விலை தெரிய வேண்டுமென்றால் ஒரு மெசேஜ் போதாதா? வாங்க வந்தவரிடம்தான் நான் மறைத்திருக்கிறேன்.

ஒரு ஆடி மாதம். அரக்குச் சிவப்பில் கறுப்புக் கட்டம், அகலக் கரை. ராத்திரி பத்தரைக்கு ஒரு அக்கா விலை கேட்டிருந்தார், நான் தூங்கிவிட்டேன். காலையில் சொன்னால், "வேற இடத்துல மூணு சேலை எடுத்துட்டேம்மா" என்றார். அன்று முழுக்க ஒரு நோட்டில் கோடு போட்டு எண்ணினேன். விலை கேட்டவர்கள் 64 பேர், வாங்கியவர்கள் 3 பேர்.

மறுநாளே விலை, நீளம், ரவிக்கைத் துணி, கூரியர் செலவு நான்கையும் படத்துக்குக் கீழே எழுதினேன். முதல் வரியிலேயே எழுத வேண்டும், நீண்டுவிட்டால் 'மோர்' தட்டினால்தான் மீதி தெரியும். மெசேஜ் பாதிக்கு மேல் குறைந்தது, விற்பனை குறையவில்லை. விலை பார்த்துவிட்டு வருகிறவர் "இது இருக்கா?" என்றுதான் கேட்கிறார்.

மிச்சக் கேள்விகளுக்கு வாட்ஸ்அப் பிசினஸில் 'குயிக் ரிப்ளை' இருக்கிறது, அதாவது முன்பே எழுதிவைக்கிற பதில். 50 வரை சேமிக்கலாம், சாய்கோடு (/) தட்டினால் வரிசையாக வந்து நிற்கும். 2019-ல் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு (இந்த ஊர்ப் பொருள் என்கிற அரசு அங்கீகாரம்) கிடைத்ததிலிருந்து "அசல்தானா?" என்று கேட்பவர்கள் அதிகம். அதற்கொன்று வைத்திருக்கிறேன். "சாயம் போகுமா?" என்பதற்கு இன்னொன்று: முதல் இரண்டு தடவை கல்லுப்புத் தண்ணீரில் தனியாக அலசுங்கள்.

எல்லா ஆப்பிலும் கடை விரிப்பது

இரண்டு போதும்.

போஸ்ட் போட வந்து ரீல்ஸ் பார்ப்பது

ஞாயிறு மத்தியானமே வாரத்துக்கான படங்களை ஷெட்யூல் செய்துவிடுங்கள். ஆப்பைத் திறந்தால்தானே விரல் மேலே தள்ளும்.

லைக் எண்ணுவது

வேண்டாம்.

வாங்கியவர் நம்பரை வைத்துக்கொள்ளாதது

2020 ஜூன் 29 அன்று டிக்டாக்கையும் சேர்த்து 59 ஆப்களை மத்திய அரசு தடை செய்தது. அங்கே மட்டும் விற்றுக்கொண்டிருந்த என் தோழி ஒருத்திக்கு வாங்கியவர்களைத் திரும்பப் பிடிக்க வழியே இல்லாமல் போயிற்று. அழுதாள். நம்பர் கேட்டு வாங்குங்கள், உங்கள் நம்பரையும் அவர்கள் போனில் சேமிக்கச் சொல்லுங்கள். சேமிக்காதவருக்கு வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் (ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்புவது) போய்ச் சேராது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை வைக்கலாம். நான் பார்சலுக்குள் வைக்கிற சீட்டிலேயே கையால் எழுதிவிடுகிறேன்: "இந்த நம்பரை சேவ் பண்ணிக்கோங்கக்கா, புதுச் சேலை வந்தா முதல்ல உங்களுக்குத்தான் படம் வரும்."