கொம்பெக்ட் கமராவைச் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சோதிப்பது எப்படி?

லீவில் வந்த மச்சான் திரும்பிப் போகும்போது தன்னுடைய கெனன் ஜி7எக்ஸ் மார்க் 2 கமராவை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். "வாங்கப் போறதெண்டா முதல்ல பாவிச்சுப் பார், பிறகு காசைக் குடு" என்பது அவர் சொன்னது. அப்படிப் பாவித்துப் பார்த்த முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். சோனி ஆர்எக்ஸ்100 வரிசை வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். இரண்டிலும் இருப்பது ஒரே அளவான 1 அங்குல சென்சர்தான் (படத்தைப் பதியும் சில்லு). பெயர்தான் 1 அங்குலம், உண்மை அளவு 13.2க்கு 8.8 மில்லிமீற்றர்.

போன் இருக்கும்போது தனிக் கமரா எதற்கு என்று கேட்பீர்கள். பகல் வெளிச்சத்தில் பாசிக்குடாக் கடலை எடுக்கப் போன் போதும், அதில் சண்டை வேண்டாம். கொம்பெக்ட் வெல்வது இரண்டு இடங்களில். ஒன்று, உண்மையான ஜூம். மற்றது, லென்ஸே உண்டாக்கும் பின்புற மங்கல். போனின் போர்ட்ரேட் மோடில் இடியப்பத்தை எடுத்துப் பாருங்கள். ஓரத்தில் பிரிந்து நிற்கும் இழைகளில் பாதியைப் பின்புறம் என்று நினைத்துக் கரைத்துவிடும். கறியிலிருந்து எழும் ஆவியையும் அப்படித்தான். லென்ஸின் மங்கலுக்கு அந்தக் குழப்பம் இல்லை.

சார்ஜ் போடுவது, கார்ட் போடுவது, திகதி நேரம் வைப்பது எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். நேரே விஷயத்துக்கு வருவோம்.

படி 1: ஓட்டோவை விட்டு வெளியே வாருங்கள்

மேல் டயலை ஏவி என்ற இடத்தில் வையுங்கள் (சோனியில் ஏ). எஃப் எண்ணை நாம் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கமரா பார்த்துக்கொள்ளும். ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்குச் சென்சர் காட்டும் உணர்திறன்) ஓட்டோவிலேயே விட்டு, உச்ச அளவை 3200 என்று கட்டிவிடுங்கள். டிஜிட்டல் ஜூமை மெனுவில் நிறுத்துங்கள். பிளாஷை மூடுங்கள், சாப்பாட்டுப் படத்துக்கு அது வேண்டவே வேண்டாம். குழம்பின் மேல் மிதக்கும் எண்ணெய் எல்லாம் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். ரா கோப்பும் (சென்சர் பதிந்தது அப்படியே) ஜேபெக்கும் சேர்த்துப் பதியும்படி வைத்தால் நிறத்தைப் பிறகு திருத்தலாம்.

எஃப் எண் என்பது லென்ஸின் துளை அளவு. எண் சின்னது என்றால் துளை பெரிது, பின்புற மங்கலும் கூட. அதற்கு என் கணக்கு: ஒரு தட்டு மட்டும் என்றால் 2.8, மேசை முழுக்கச் சாப்பாடு என்றால் 5.6. இந்தச் சின்னச் சென்சரில் 8க்கு மேல் போனால் படம் கூர்மை இழக்கத் தொடங்கும், அங்கே போகாதீர்கள்.

படி 2: தூரம்

இந்தப் படியை அவசரப்படாமல் வாசியுங்கள். புதிதாக எடுப்பவர்கள் "கமரா பழுது போல, ஃபோகஸ் ஆகுதில்லை" என்று சொல்லும் இடம் இதுதான். கமராவில் ஒரு பிழையும் இருக்காது.

ஜி7எக்ஸ் மார்க் 2இன் லென்ஸ், 35 மில்லிமீற்றர் ஃபிலிம் கமராக் கணக்கில், 24 முதல் 100 மில்லிமீற்றர் வரை போகும்; எண் கூடினால் ஜூம் கூடும். ஜூம் செய்யாமல் 24இல் இருக்கும்போது 5 சென்ரிமீற்றர் வரை நெருங்கலாம். 100க்கு ஜூம் செய்தால் குறைந்தது 40 சென்ரிமீற்றர் தள்ளி நிற்க வேண்டும். அதாவது இரண்டு சாணுக்குச் சற்றுக் குறைவு. கடை மேசையில் உட்கார்ந்தபடி தட்டைப் பார்த்து ஜூம் செய்தால் அந்த எல்லைக்குள் போய்விடுவோம். ஃபோகஸ் ஆனதைக் காட்டும் பச்சைச் சதுரம் வராது, கமரா முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும்.

சரி, ஜூம் இல்லாமல் நெருங்கி எடுத்தால் என்ன? எடுக்கலாம். ஆனால் நண்டுக் கறியை அப்படி எடுத்துப் பாருங்கள். முன்னால் இருக்கும் கால் உலக்கை போல் ஊதி நிற்கும், பின்னால் ஓடு பட்டாணி அளவுக்குச் சுருங்கும், வட்டத் தட்டு முட்டை வடிவமாகும். அதோடு, 5 சென்ரிமீற்றரில் லென்ஸின் நிழலே கறியின் மேல் விழும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. லென்ஸைச் சுற்றியிருக்கும் வளையத்தை ஸ்டெப் ஜூமுக்கு மாற்றுங்கள். திருப்பும்போது 24, 28, 35, 50, 85, 100 என்று தாவும். 50இல் நிறுத்துங்கள். இனி ஜூமைத் தொடக் கூடாது. கமராவைத் தட்டுக்கு அருகே கொண்டு போய், ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தி, பச்சை வராவிட்டால் கையை மெல்லப் பின்னால் இழுங்கள். பச்சை வந்த இடம்தான் உங்கள் இடம். வீட்டில் ஒரு பிட்டுத் தட்டை வைத்து இதை நாலைந்து தரம் செய்தால் கைக்கே தூரம் பழகிவிடும். அப்புறம் கடையில் எழுந்து நின்று கதிரையை இழுத்து எல்லாருடைய கண்ணிலும் படத் தேவையில்லை.

இதே சோதனையை வாங்கப் போகும் எந்தக் கமராவிலும் செய்யுங்கள். பழைய முதலாவது ஆர்எக்ஸ்100இல் முழு ஜூமில் 55 சென்ரிமீற்றர் தள்ள வேண்டும், மூன்றாவது பதிப்பில் 30 போதும். மெகாபிக்சல் எத்தனை என்று கேட்பதை விட இந்த எண்ணைக் கேட்பது பயன்.

படி 3: தயிருக்குக் கூட்டு, நண்டுக்குக் குறை

கமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீற்றர், பார்க்கும் எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். ஃபிரேம் நிறையத் தயிர்ச் சட்டி இருந்தால், "வெளிச்சம் கூடிப்போச்சு" என்று நினைத்துப் படத்தை இருட்டாக்கும். எருமைத் தயிர் சீமெந்து போல வரும். கெனனில் மோட் டயலுக்குக் கீழேயே பிளஸ் மைனஸ் டயல் இருக்கிறது. தயிருக்கும் வெள்ளைப் பிட்டுக்கும் பாலப்பத்துக்கும் பிளஸ் 2/3 முதல் 1 வரை கூட்டுங்கள். கறுத்த நண்டுக் கறிக்கும் இறால் பொரியலுக்கும் மைனஸ் 1/3 வரை குறையுங்கள்.

கஷ்டமானது தயிரும் பாணியும் (இனிப்புப் பாகு) ஒரே கோப்பையில் இருக்கும்போதுதான். பாணிக்குப் பார்த்தால் தயிர் வெளுத்துப் போய் அதன் ஏடும் சுருக்கமும் தெரியாது. நான் தயிரின் பக்கம்தான் நிற்பேன். தயிரின் மேல்மடிப்பு தெரியும் அளவுக்கு மட்டும் கூட்டிவிட்டு, பாணி கறுப்பாகவே இருக்கட்டும் என்று விடுவேன். பாணி வழிந்து இறங்கும் விளிம்பில் ஒரு செம்மண் நிறம் தெரியும், ஜன்னல் வெளிச்சம் பக்கத்திலிருந்து வந்தால் அது போதும்.

படி 4: கடையின் லைட்

நம்முடைய ஊர்க் கடைகளில் முன்பக்கம் நீலமோ பச்சையோ தறப்பாள், உள்ளே வெள்ளை எல்இடி, கண்ணாடிப் பெட்டிக்குள் மஞ்சள் பல்ப் என்று மூன்று நிறம் இருக்கும். வெள்ளையை வெள்ளையாகக் காட்டப் பார்க்கும் ஓட்டோ வைட் பாலன்ஸ் பாவம், எதைத்தான் நம்பும்? தறப்பாளின் கீழே எடுத்த பிட்டு நோயாளி போலத் தெரிவது அதனால்தான். கை துடைக்கத் தரும் வெள்ளைத் தாளைத் தட்டின் மேல் பிடித்துப் படம் எடுத்து, கஸ்டம் வைட் பாலன்ஸில் அந்தப் படத்தைக் கொடுங்கள். அரை நிமிட வேலை. அதே தாளை நிழல் விழும் பக்கத்தில் நிறுத்தினால் வெளிச்சத்தைத் திருப்பியும் அடிக்கும். காசு கொடுத்து ரிஃப்ளெக்டர் வாங்குபவர்களை எனக்கு விளங்குவதில்லை.

பாலிதீன் லஞ்ச் ஷீட் விரித்த தட்டு என்றால் அது மினுங்கும். தட்டைக் கொஞ்சம் திருப்பினாலே மினுக்கம் விலகும்.

கடைக்காரரிடம் முதலில் கேளுங்கள். "யூரியூப்பா மனே?" என்று சிரித்துக்கொண்டு கேட்பார்கள், இல்லை என்றால் இன்னும் சந்தோசம். காத்தான்குடிப் பக்கம் "நானா, ஒரு படம் எடுக்கட்டா?" என்றால் வட்டிலப்பத்தை எடுத்து வெளிச்சத்துக்குப் பக்கத்தில் வைத்துத் தருபவர்களும் உண்டு.

படி 5: வெளியே

எங்கள் மட்டக்களப்பு கிழக்குக் கரை என்பதால் சூரியன் கடலில் உதித்து வாவிப் பக்கம் இறங்கும். காலையில் கல்லடிக் கடற்கரை, மாலையில் கல்லடிப் பாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலத்தில் இப்போது வாகன நெரிசல் இல்லை, 2013 முதல் பக்கத்தில் புதுப் பாலம் இருக்கிறது. பழைய பாலத்தில் நின்று, வாவியில் வீச்சுவலை போடும் தோணியை 24, 50, 100 மூன்றிலும் எடுத்துப் பாருங்கள். உங்களுக்கு எவ்வளவு ஜூம் தேவை என்று அங்கேயே தெரிந்துவிடும். ஆனால் சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளத்தில் யானை பார்க்கப் போகிறவர்களுக்கு 100 காணவே காணாது. 200 வரை போகும் ஆர்எக்ஸ்100இன் ஏழாம் பதிப்பும் அதற்கு மட்டுமட்டுத்தான்.

நடுப்பகலில் பாசிக்குடாவில் எஃப் 1.8இல் எடுத்தால் படம் வெளுக்கும். இந்தக் கமராவின் ஷட்டர் வேகம் 1/2000 செக்கனுக்கு மேல் போகாது. மெனுவில் என்டி ஃபில்டரை ஓட்டோவில் வைத்தால் உள்ளேயே ஒரு கறுப்புக் கண்ணாடி வந்து விழும்.

மணல்தான் பெரிய எதிரி. வெளியே நீளும் லென்ஸின் இடுக்கில் ஒரு மணி மணல் போனால் கறகற என்று சத்தம் வரும். கடற்கரையில் பையை மணலில் வைக்காதீர்கள், கமராவை உறைக்குள் வைத்தபடி ஒன் பண்ணாதீர்கள். கழுத்துப் பட்டியை விட மணிக்கட்டுப் பட்டிதான் எனக்குப் பிடிக்கும். ஏசி அறையிலிருந்து வெளியே கொண்டு வரும்போது லென்ஸில் பனி பிடிக்கும். சொப்பின் பையில் இறுக்கிக் கட்டிக் கொண்டு வந்து, வெளிச் சூட்டுக்குப் பழகிய பிறகு எடுங்கள்.

பற்றரி முழு சார்ஜில் 265 படம் என்பது கெனன் சொல்லும் அளவு. அறுகம்பே வரை போய் வரும் நாளுக்கு இரண்டாவது பற்றரி அவசியம். படங்களைப் போனுக்கு மாற்ற வைஃபை ஆப் இருக்கிறது, எனக்குப் பொறுமை இல்லை. போனில் குத்தும் சின்னக் கார்ட் ரீடர்தான் என் தெரிவு.

பிற்சேர்க்கை: வாசித்தவர்கள் கேட்டவை

கல்முனையிலிருந்து ஒருவர், கொத்துக் கடையில் எடுத்த படங்களில் குறுக்கே கறுப்புக் கோடுகள் வருகின்றன என்று எழுதியிருந்தார். எல்இடியின் துடிப்பு அது. இலங்கையில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மலிவான பல்ப் செக்கனுக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும். சத்தமில்லாத எலெக்ட்ரோனிக் ஷட்டரில் அது கோடாக விழும். மெக்கானிக்கல் ஷட்டரில் கோடு வராது, ஆனால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரலாம். முதலில் சைலண்ட் மோடை நிறுத்துங்கள். பிறகு ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் டிவி மோடுக்கு (சோனியில் எஸ்) மாறி ஷட்டரை 1/100 அல்லது 1/50இல் வையுங்கள். கொத்துத் தகடு கொஞ்சம் மங்கலாகத் தெரியும். தெரியட்டும், அது அசைகிறது என்பதே அப்போதுதான் விளங்கும்.

பழைய கமரா வாங்கலாமா என்று பலர் கேட்டார்கள். வாங்கலாம். ஆனால் எஃப் 11இல் வைத்து வெறும் வானத்தை எடுத்து, படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே இடத்தில் சாம்பல் பொட்டுகள் வந்தால் சென்சரில் தூசு. இந்த லென்ஸைக் கழற்ற முடியாது என்பதால், துடைக்க வேண்டுமானால் முழுக் கமராவையும் பிரிக்க வேண்டும். அப்படிப் பொட்டு இருந்தால் விலை குறைத்துத் தந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.