கையால் வாழ்த்து அட்டை செய்கிறீர்களா? முதலில் மடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

என் வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்களின் பையைப் பார்த்தாலே எனக்குப் பாதி தெரிந்துவிடும். குந்தன் கல் இருக்கும், சாட்டின் ரிப்பன் இருக்கும், சுருட்டிப் பூச்செய்கிற க்வில்லிங் பேப்பர் நாலு பாக்கெட் இருக்கும். ஸ்கேல் இருக்காது. கேட்டால், "கண்ணளவு போதும்க்கா" என்பார்கள். அந்தக் கண்ணளவில் வெட்டிய அட்டையை மேஜைமேல் நிறுத்தினால் ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கும்.

கத்தரிக்கோல் கூர்மையாக இருக்கட்டும், கையில் எண்ணெய் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது யாருக்கும் தெரியும். தெரியாமல் போய், நன்றாகச் செய்யக்கூடியவர்கள்கூட மாட்டிக்கொள்கிற இடங்கள் சில உண்டு. நானும் அந்த வழியாக வந்தவள்தான், அந்தக் கதை இப்போது வேண்டாம்.

எழுத்தைக் கடைசிக்கு வைப்பது

பூ ஒட்டி, இலை ஒட்டி, முத்து வைத்து, எல்லாம் முடிந்த பிறகு நடுவில் "இனிய பிறந்தநாள்" என்று எழுத உட்காருவார்கள். "பிறந்த" வரை அழகாக வரும். "நாள்" வரும்போது இடம் தீர்ந்திருக்கும். இரண்டு மணி நேர வேலை அந்த ஒரு எழுத்தில் போகும். வாசகத்தைத் தனித் துண்டில் எழுதுங்கள். நாலு துண்டில் எழுதி, நன்றாக வந்ததை வெட்டி ஒட்டுங்கள். பெறுகிறவரின் பெயரை அவர் எப்படி எழுதுகிறார் என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மடிப்பு

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குக் குரல் கொஞ்சம் உயரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் கற்றுக்கொண்ட ஒரு பெண்ணுக்கு அறுபதாம் கல்யாண வீடு ஒன்றிலிருந்து ஆர்டர் வந்தது. வந்தவர்களுக்குக் கொடுக்க நன்றி அட்டை, 200 வேண்டும். கருஞ்சிவப்பு அட்டை, மேலே தங்கநிறக் கோலம். கோலம் அத்தனை நேர்த்தி, நானே பொறாமைப்பட்டேன். ஆனால் எல்லா அட்டையும் மடிப்பில் வெடித்து, கருஞ்சிவப்புக்கு நடுவே வெள்ளை வெளேரென்று ஒரு கோடு, நரைத்த வகிடு மாதிரி. அறுபது வயது விழாவுக்குப் பொருத்தம்தானே என்று நான் சொன்னதற்கு அவள் சிரிக்கவில்லை. இரவெல்லாம் ஸ்கெட்ச் பேனாவால் அந்தக் கோட்டைத் தீட்டினாள். காய்ந்ததும் அது ரோஸ் கலரில் தெரிந்தது. அட்டைக்கான காசு, கோலத்துக்கான உழைப்பு, அட்வான்ஸ் எல்லாம் போயிற்று.

அவள் செய்த தவறு மடிப்பதற்கு முன்பே, வெட்டும்போதே, நடந்துவிட்டது.

மில்லில் காகிதம் செய்யும்போது, கூழை ஓடிக்கொண்டிருக்கும் வலைமேல் ஊற்றுகிறார்கள். வலை ஓடுகிற திசையிலேயே பெரும்பாலான நார்களும் படுத்துவிடும். பிரஸ்காரர்கள் இதைக் கிரெயின் என்பார்கள். நார் ஓடும் திசையிலேயே மடிப்புக்கோடும் போனால் அட்டை சத்தமில்லாமல் மடியும். குறுக்கே மடித்தால் நார்கள் முறியும், மேல்பூச்சு வெடிக்கும். உள்ளே வெள்ளையாக இருக்கும் வண்ண அட்டை என்றால் அந்த வெள்ளை வெளியே தெரியும். அதோடு, குறுக்கே மடித்த அட்டை ஒழுங்காக மூடாது, வாயைத் திறந்துகொண்டே இருக்கும்.

இப்போது ஒரு ஏ4 அட்டையைக் கையில் எடுங்கள். 210 மில்லிமீட்டர் அகலம், 297 நீளம். ஏ4 கட்டாக வருவதில் பெரும்பாலும் நார் நீளவாக்கில் ஓடும். இதிலிருந்து இரண்டு வாழ்த்து அட்டை எடுக்க இரண்டு வழி இருக்கிறது. நீளத்தின் நடுவில் குறுக்கே வெட்டி, ஒவ்வொரு துண்டையும் புத்தகம் போல் மடிப்பது ஒன்று. அகலத்தின் நடுவில் நீளவாக்கில் வெட்டி, ஒவ்வொரு பட்டையையும் மேலே தூக்கித் திறக்கும்படி மடிப்பது இன்னொன்று. இரண்டிலும் கிடைப்பது 105க்கு 148 அளவுள்ள அட்டைதான். ஆனால் முதல் வழியில் மடிப்பு நாரோடு போகும், இரண்டாவதில் நாருக்குக் குறுக்கே போகும். என் மாணவி இரண்டாவது வழியில் வெட்டியிருந்தாள், 200 அட்டையும்.

மேலே தூக்கித் திறக்கும் அட்டைதான் வேண்டுமென்றால், பெரிய ஷீட்டாக வாங்கித் திசை பார்த்து வெட்ட வேண்டும். சென்னையில் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் காகிதக் கடைகளுக்குக் குறைவில்லை. கடையில் வெட்டித் தரச் சொல்வதானால் அளவை மட்டும் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். எப்படிப் போட்டால் வேஸ்ட் குறையும் என்றுதான் வெட்டுபவர் பார்ப்பார், அவர்மேல் குற்றமில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் அட்டையை வரைந்து, "மடிப்பு இந்தப் பக்கம், கிரெயின் இதோடு போகணும்" என்று கோடு போட்டுக் கொடுங்கள்.

திசையைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். அட்டையை மடிக்காமல், லேசாக வளைத்து உள்ளங்கையால் அமுக்கிப் பாருங்கள். ஒரு பக்கமாக வளைக்கும்போது இணங்கும், மற்றப் பக்கம் முறுக்கிக்கொண்டு நிற்கும். இணங்குகிற வாக்கில் மடிக்க வேண்டும். அப்படியும் புரியவில்லையென்றால் ஒரே அளவில் இரண்டு பட்டை வெட்டுங்கள், ஒன்று நீளவாக்கில், ஒன்று அகலவாக்கில். ஒரு நுனியைப் பிடித்துத் தூக்கினால் ஒன்று அதிகமாகத் தொங்கும். அதில் நார் குறுக்கே ஓடுகிறது.

திசை சரியாக இருந்தாலும் 250, 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு) அட்டையை அப்படியே விரலால் மடிக்கக் கூடாது. முதலில் கோடு இழுக்க வேண்டும். அடியில் நாலு தாள் செய்தித்தாள், மேலே ஸ்டீல் ஸ்கேல், கையில் மை தீர்ந்த பால்பாயின்ட் ரீஃபில். தீர்ந்துவிட்டதா என்று வேறெங்காவது கிறுக்கிப் பாருங்கள். தீர்ந்ததாக நாம் நம்பும் ரீஃபிலில் கடைசிச் சொட்டு மை உங்கள் அட்டையின் முகப்புக்காகவே காத்திருக்கும்.

கோடு இழுத்த பக்கம் பள்ளம் விழும், மறுபக்கம் லேசாக மேடு எழும். அந்த மேடு மடிப்பின் உள்பக்கம் வர வேண்டும், அதாவது கோடு இழுப்பது அட்டையின் வெளிமுகத்தில். கை என்னவோ பள்ளத்துக்குள் மடிக்கத்தான் போகும், விடாதீர்கள். கட்டர் பிளேடால் பாதி ஆழம் கீறி மடிக்கும் வித்தையை மட்டும் செய்யவே வேண்டாம். இரண்டு தடவை திறந்து மூடினால் அட்டை இரண்டாகிவிடும்.

எரிச்சல் எதில் என்றால், வீடியோக்களில் இருபது நிமிடம் பூச்சுற்றக் காட்டுகிறார்கள். மடிப்புக்கு "இப்போது மடித்துக்கொள்ளவும்" என்று ஒரு வரி. கேமரா அந்த நொடியில் வேறெங்கோ பார்க்கும்.

இதிலெல்லாம் சிக்காதது கைக்காகிதம். புதுச்சேரி ஆசிரமத்தில் செய்வது போன்ற காகிதங்களில் நார்கள் எல்லாப் பக்கமும் பின்னிக் கிடப்பதால் திசை அவ்வளவாகப் படுத்தாது. விலை படுத்தும்.

ஃபெவிகால் அபிஷேகம்

வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது. காகிதம் தண்ணீர் குடித்தால் நாருக்குக் குறுக்கே அதிகமாக விரியும், காய்ந்தால் சுருங்கும். முகப்பு முழுக்கத் தடவி ஒரு தாளை ஒட்டினால், மறுநாள் காலை அட்டை அப்பளமாகியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கேட்கவே வேண்டாம். பெரிய தாளுக்கு டபுள் சைடு டேப். கல், முத்துக்கு மட்டும் பல்குத்தும் குச்சி நுனியில் ஒரு பொட்டு ஃபெவிகால். கட்டாயம் பசைதான் தடவ வேண்டுமென்றால், இரண்டு தாளின் நாரும் ஒரே திசையில் ஓடட்டும், மெல்லிசாகத் தடவி, கனமான புத்தகத்துக்கு அடியில் இரவு முழுக்க வையுங்கள். ஓரத்தில் பிதுங்கும் பசை புத்தகத்தில் ஒட்டாமலிருக்க நடுவே பிளாஸ்டிக் தாள் வைக்க மறக்காதீர்கள்.

கிளிட்டர்

வேண்டாம்.

வயதைக் கிண்டல் செய்யும் வாசகம்

நண்பர்களுக்குச் சரி. மாமியாருக்கு ஆகாது.

உறையை அப்புறம் தேடுவது

அட்டையை முடித்துவிட்டு அதற்கு உறை தேடி அலைகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். உறையை முதலில் வாங்குங்கள். மேலே சொன்ன 105க்கு 148 அட்டைக்கு 114க்கு 162 அளவுள்ள சி6 உறை சரியாக இருக்கும்.

தபாலில் அனுப்புவதானால் எடையையும் பாருங்கள். 300 ஜிஎஸ்எம்மில் இந்த அளவு அட்டை 9 கிராமுக்குக் கொஞ்சம் மேல், உறை சுமார் 4 கிராம். சாதாரணக் கடிதத்துக்கு முதல் எடை வரம்பு 20 கிராம். ஆக, உங்கள் அலங்காரத்துக்கு மிச்சம் இருப்பது 6 கிராம்தான். தேங்காய்நாரில் யானை செய்து ஒட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க. பட்டன், பெரிய கல் எதையும் ஸ்டாம்புக்கு நேர் கீழே வரும்படி வைக்காதீர்கள். முத்திரை குத்துபவர் உள்ளே பட்டன் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக் குத்தமாட்டார்.

ஸ்டாம்ப் குறைந்தால், குறைந்த தொகையைப்போல் இரண்டு மடங்கை அட்டையைப் பெறுகிறவரிடம் வசூலிப்பார்கள். ஒட்டுவதற்கு முன் தபால் நிலையத் தராசில் ஒருமுறை வைத்துப் பாருங்கள்.