கிழிசலை நறுக்கிவிட்டுக் கட்டுங்கள்: பங்குனியில் மனசைச் சரிசெய்ய ஒரு செய்முறை

எங்கள் ராமநாதபுரக் கரையில் வசந்தம் என்றால் பூந்தோட்டம் இல்லை. வாடைக்காற்று அடங்கி, கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று இன்னும் கிளம்பாத சில வாரங்கள், அவ்வளவுதான். உச்சிப்புளிப் பக்கம் வேம்பு பூத்து முற்றமெல்லாம் உதிர்ந்து கிடக்கும். பனையில் பதநீர் இறங்கும். களத்தில் முண்டு மிளகாய் காயும். ஏட்டுக் கணக்குப்படி இளவேனில் சித்திரையும் வைகாசியும். ஆனால் சித்திரை வெயிலில் இங்கே தலைகாட்ட முடியாது. ஆகவே மனசைச் சரிசெய்யும் வேலையைப் பங்குனியிலேயே தொடங்கிவிடுங்கள்.

படி 1: முதலில் நறுக்குங்கள்

பாம்பன் கரையில் ஒருவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்தவர், ஊசியை எடுக்கவில்லை. கத்தியை எடுத்துக் கிழிசலின் ஓரத்தைச் சுற்றி நறுக்கினார். ஓட்டை முன்பைவிடப் பெரிதாகிவிட்டது.

"என்ன அண்ணே, பெருசாக்குறீங்க?"

"பிஞ்ச நூல்ல முடிச்சு நிக்காது தம்பி."

எனக்குச் சுருக்கென்றது. அந்த நாட்களில் ராத்திரி ஒரு மணி வரை போனும் கையுமாகக் கிடப்பேன். அதன் மேலேயே தியானம், ஓட்டம், டைரி என்று அடுக்கி, மூன்றாம் நாளே எல்லாவற்றையும் கைவிட்டிருந்தேன். பிய்ந்த நூலில் முடிச்சுப் போட்ட கதைதான்.

ஒரு தாளை எடுத்து நேற்றைய பொழுதை மணிவாரியாக எழுதுங்கள். எதைச் செய்து முடித்த பிறகு அயர்ச்சியோ எரிச்சலோ வந்ததோ, அதன் கீழ் கோடு போடுங்கள். ஐந்தாறு அகப்படும். அதில் ஒன்றை மட்டும் ஒரு வாரத்துக்கு நிறுத்துங்கள். நான் செய்தது, போன் சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து அடுப்படிக்கு மாற்றியது. முதல் இரண்டு ராத்திரி கை தலையணைக்கடியில் துழாவியது. அப்புறம் பழகிவிட்டது. அந்த ஒரு வாரம் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள்.

படி 2: காலை வெளிச்சம்

பங்குனித் தொடக்கத்தில் இங்கே 6:20 வாக்கில் சூரியன் எழும். சித்திரை பிறக்கும்போது 6:05 ஆகிவிடும். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் இருபது நிமிடம் வெளியே நடங்கள். காலை வெளிச்சம் கண்ணில் படும்போது உடம்பின் கடிகாரம் சரியாகிறது. இரவில் தூக்கம் நேரத்துக்கு வர அது உதவும். சூரியனை நேராகப் பார்க்கத் தேவையில்லை. எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள். அதற்கு மேல் அது நடை இல்லை, தண்டனை.

இருபுறமும் கடல் உள்ள மண்டபம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி: வடகடலில் தொடங்கித் தென்கடலில் நடையை முடிக்கலாம். வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், கச்சான் காலத்தில் தென்கடல். இப்போது இரண்டுமே ஓரளவு அடங்கியிருக்கும்.

படி 3: மூச்சு

கரையில் உட்காருங்கள். நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விடுங்கள். பத்து முறை போதும். மூச்சை நீளமாக விடும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணியும்; சங்கதி அதில்தான் இருக்கிறது. தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். நடுவில் கருவாட்டு வாசனை வந்தால் வரட்டும், அதையும் கவனியுங்கள்.

படி 4: நாலு மணிக்கு மேல் டீ வேண்டாம்

காபி, டீயில் உள்ள காஃபின் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் பிடிக்கும். மாலையில் கை பரபரத்தால் மோரோ நுங்கோ சாப்பிடுங்கள். தண்ணீர் குறைந்தாலும் சிடுசிடுப்பு வரும். அதை மனக்கவலை என்று நினைத்துக் குழம்புகிறவர்கள் நம்மில் நிறைய.

படி 5: ஒரு ஆளைப் பாருங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறிவிடும், வருமானம் நின்றுவிடும், வீட்டில் முகங்கள் இறுகும். இதைக் கடல் தொழில் தெரியாத அறிவுரைக்காரர்கள் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. "மனசைத் தளர விடாதே" என்று சொல்வதைவிட, வலை பொத்துகிற மச்சான் பக்கத்தில் போய் அரை மணி நேரம் உட்கார்ந்து நூலைப் பிடித்துக் கொடுப்பது மேல். பேச்சு தானாக வரும்.

இதெல்லாம் போதாதபோது

இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமோ பசியோ கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல் போனால், நடையும் மூச்சும் மட்டும் போதாது. மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றைக்கே அழையுங்கள்.

"ஊர் என்ன சொல்லும்" என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று. 2001 ஆகஸ்ட் 6 அன்று இதே கரையில், ஏர்வாடியில், மனநோயாளிகளுக்கான தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் இறந்துபோனார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்திருக்கிறது. சிகிச்சை கேட்பது வெட்கப்படுகிற விஷயமே இல்லை.

முதல் வாரம் முடிந்ததா? ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் தனுஷ்கோடி சாலைக்குப் போங்கள். கோதண்டராமர் கோயிலைச் சுற்றியுள்ள ஆழமற்ற நீரில் பூநாரைகள் இன்னும் மிச்சமிருக்கலாம். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகச் சேற்றில் வைத்து அரித்துத் தின்னும். எத்தனை நிற்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். நாற்பதைத் தாண்டும்போது எனக்கு எப்போதும் கணக்குத் தப்பிவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன்.